தொண்டும் கூலியும்

காவிரியில் வெள்ளம் கரைபுரண்டு ஓடிய நாள் அது. திருச்சிராப்பள்ளியில் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த இரத்தினாவதி, பூம்புகாரிலிருந்து வரவேண்டிய தன் தாயை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு வேண்டிய மருந்துகளோடு புறப்பட்ட தாயால் ஆற்றைக் கடக்க இயலவில்லை. வலி கண்டுவிட்டது, அருகிருந்து உதவ ஒருவரும் இல்லை. மலைமேல் உறையும் செவ்வந்திநாதரை நினைந்து அவள் கண்ணீர் விட்டாள். அப்போது வாசலில் தாயின் குரல் கேட்டது. வந்தவள் வெந்நீர் வைத்தாள்; மகளைத் தாங்கிப் பிடித்தாள்; குழந்தையைக் கையில் ஏந்தினாள்; வெள்ளம் வடியும்வரை அருகிலேயே இருந்து மருந்து கொடுத்தாள். வெள்ளம் வடிந்தபின் உண்மைத் தாய் வந்து சேர்ந்தாள். ஒரே உருவில் இருவர் நிற்கக் கண்டு மகள் திகைத்தபோதுதான், முன்னர் வந்தவர் இறைவன் என்பது விளங்கிற்று. செவ்வந்திநாதர் தாயுமானவர் ஆன வரலாறு இதுவே. இன்றும் மலைக்கோட்டைக் கோயில் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று இந்நிகழ்ச்சி நடத்திக் காட்டப்படுகிறது. சுகப்பிரசவம் வேண்டிக்கொண்டவர்கள் வாழைத்தார் சாத்தி வணங்குகிறார்கள்.

இந்த வரலாற்றைக் கேட்போர் இறைவனின் கருணையை எண்ணி உருகுவர். அவர் செய்த வேலை எத்தகையது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தல் நன்று. நினைத்திருந்தால் அவர் காவிரியின் வெள்ளத்தை நிறுத்தியிருக்கலாம். நொடியில் தாயை மகளிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. வெந்நீரும் துணியும் உதிரமும் கலந்த ஒரு வேலையைத் தாமே தம் கையால் செய்தார். நோயுற்ற உடலைத் தொட்டுத் தூக்கித் துடைக்கும் பணியை இறைவன் இழிவாகக் கருதவில்லை.

அந்தப் பணியை இன்று ஊர்தோறும் செய்துவருபவர்கள் மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் வேலை பார்க்கும் செவிலியர் உதவியாளர்கள். மூன்று நான்கு ஆண்டுகள் படித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்ற செவிலியர்கள் வேறு, இவர்கள் வேறு. பெரும்பாலும் ஆறு மாதமோ ஓராண்டோ பயிற்சி பெற்றவர்கள். சிலர் வேலையிலிருந்தே வேலையைக் கற்றவர்கள். படுக்கையில் கிடப்பவரை உடம்பு துடைத்துவிடுவது, சிறுநீர்ப் பையைக் காலி செய்வது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவது ஆகியவை இவர்களின் அன்றாடக் கடமைகள். நள்ளிரவில் முதியவர் ஒருவர் தம்மை மறந்து "அம்மா" என்று அழைத்தால், எழுந்து வருபவர் பெற்ற தாய் அல்லர், இவரே.

எடுத்துக்காட்டாக, தாயுமானவர் மலைக்கு அருகே உறையூரில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். குடும்பத் தலைவி கணவரை இழந்தவர். பத்தாம் வகுப்பில் ஒரு மகள். ஏழாம் வகுப்பில் ஒரு மகன். உடன் வயது முதிர்ந்த தாய். தில்லைநகரில் உள்ள ஒரு மருத்துவமனையில் அவருக்கு இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை வேலை. விடிந்தபின் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தம் தாயின் கால்வீக்கத்தைப் பார்த்து மருந்து கொடுத்துவிட்டே அவர் கண்ணயர்கிறார்.

அவருடைய மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று கொள்வோர், அதன் கணக்கையும் பார்க்க வேண்டும். வருங்கால வைப்புநிதிக்கு நூற்றுக்கு 12 வீதம் 1,440 ரூபாயும், இ.எஸ்.ஐ.க்கு நூற்றுக்கு முக்கால் வீதம் 90 ரூபாயும் பிடித்தம் போகும். கைக்கு வருவது 10,470 ரூபாய். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயைச் சேர்த்தால் 11,470 ரூபாய். ஒண்டுக்குடித்தன வாடகை 4,000, மின்சாரத்துக்கு வீட்டுக்காரரிடம் 400, எரிவாயு உருளைக்கு 900, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால் எல்லாம் சேர்த்து 3,500, பிள்ளைகளின் நோட்டு, டியூஷன் செலவுக்கு 800, மகளிர் குழுக் கடன் தவணை 1,500, கைபேசிக்கு 300. ஆகமொத்தம் 11,400 ரூபாய். மீதி 70 ரூபாய்.

ரேஷன் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவ்விரண்டும் இல்லாவிடில் அந்த 70 ரூபாயும் மிஞ்சாது. தீபாவளித் துணியும், பொங்கல் செலவும், மகனின் காய்ச்சலும், உறவினர் வீட்டுத் திருமண மொய்யும் அந்த 70 ரூபாய்க்குள்தான் அடங்க வேண்டும். அடங்காதபோது வழி இரண்டே: ஒன்று, இன்னொரு கடன், மற்றொன்று, பகலில் இன்னொரு வேலை. இரவெல்லாம் மருத்துவமனையில் விழித்திருந்தவர், பகலில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்ளச் செல்கிறார். நாளுக்கு நான்கு மணி நேர உறக்கம். பிறரைத் தூக்கித் தூக்கி, நாற்பது வயதுக்குள் அவருடைய இடுப்பே தளர்ந்துவிடுகிறது.

இத்தகையோரைச் சந்திக்கும் அன்பர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் ஒரு சொல் உண்டு: "நீங்கள் செய்வது வேலை அல்ல, தொண்டு. இந்தப் புண்ணியத்துக்கு ஈடே இல்லை." அந்தச் சொல்லில் பொய் இல்லை. ஆனால், மாதம் பிறந்து பத்து நாள் கழித்துச் சம்பளம் கொடுக்கும்போதும், 500 ரூபாய் கூட்டித்தரக் கேட்டால் முகம் சுளிக்கும்போதும் அதே சொல் திரையாக வந்து நின்றால், அது பாராட்டு ஆகாது. புண்ணியம் அவருக்குச் சேரட்டும் என்று சொல்லி, அவருக்குச் சேரவேண்டிய கூலியைத் தம்மிடம் நிறுத்திக்கொள்வதாகவே முடியும்.

தொண்டு என்று சொல்லப்படுவதற்குக் கூலி உண்டா என்ற ஐயத்துக்கு, ஒரு கோயிலின் கல்வெட்டே விடை சொல்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சார்ந்து நடந்த வேதபாடசாலையையும், அங்குப் பயின்றோர் தங்கிய விடுதியையும், 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையையும் அது விவரிக்கிறது. ஆதுலர் சாலை என்பது நோயாளிகளுக்கான மருத்துவமனை. அங்கு மருத்துவர் இருந்தார். அறுவை செய்வோர் இருந்தார். மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள் இருந்தனர். நோயாளிகளுக்கு அருகிருந்து மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர் இருந்தனர்.

கல்வெட்டு அப்பெண்களின் புண்ணியத்தைப் புகழ்ந்துவிட்டு நின்றுவிடவில்லை. மருத்துவருக்கு இவ்வளவு என்று வகுத்தது போலவே, இப்பெண்களுக்கும் ஆண்டுக்கு இத்தனை கலம் நெல், இவ்வளவு காசு என்று வகுத்துப் பொறித்தது. இரவில் எரியும் விளக்குக்கான எண்ணெய்க்கும் கணக்கு வைத்தது. பெருமாளின் திருவமுதுக்கும் திருவிழாவுக்கும் நிவந்தம் எழுதிய அதே சுவரில், நோயாளியின் அருகிருந்த பெண்களின் கூலியும் எழுதப்பட்டது. கூலியைக் கல்லில் பொறித்தால், பின்னால் வருவோர் எவரும் அதைக் குறைக்கவோ மறுக்கவோ இயலாது. நோயாளியைப் பேணுவது இறைபணி என்பதை ஏற்ற முன்னோர், அந்தப் பணிக்குக் கூலி கொடுப்பதையும் இறைபணியின் பகுதியாகவே வைத்தனர்.

திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் என்கிறார். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து மருந்தைக் கொடுப்பவரையும் நான்காமவராகச் சேர்க்கிறார். நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவுறாது. மருத்துவரின் கட்டணத்தைப் பேரம் பேசாமல் கட்டுகிற குடும்பம், மருந்துக் கடையின் சீட்டைக் கேள்வி கேட்காமல் ஏற்கிற குடும்பம், நான்காமவரிடம் மட்டும் பேரம் பேசுவது முறையன்று.

பேரம் பேசுவோர் எல்லாரும் கல்நெஞ்சர் அல்லர். நடுத்தரக் குடும்பம் ஒன்றில் தந்தை பக்கவாதத்தால் விழுந்துவிட்டால், உதவியாளரின் சம்பளம் அந்தக் குடும்பத்துக்கும் பெருஞ்சுமையே. ஆயினும் கூடுதல் பணமின்றியே செய்யக்கூடியவை பல உண்டு. சொன்ன தேதியில் சம்பளத்தைக் கொடுத்துவிடலாம். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பு என்று தொடக்கத்திலேயே பேசிக்கொண்டு, அந்த நாளில் பிள்ளைகளும் மருமக்களும் முறைவைத்துப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளலாம். முகவர் நிலையம் வழியாக ஆள் வந்தால், கொடுக்கும் தொகையில் எவ்வளவு அவர் கைக்குப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வீட்டில் சமைத்த உணவை அவருக்கும் சூடாக இருக்கும்போதே பரிமாறலாம்.

ஓரளவு செலவு பிடிப்பவையும் உண்டு. பெரியவரைப் பத்து நாள் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், "அதுவரை நீங்கள் வரவேண்டாம்" என்று சொல்லிச் சம்பளத்தையும் நிறுத்திவிடுவது பல வீடுகளில் வழக்கம். அந்தப் பத்து நாளும் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தாக வேண்டும். பாதிச் சம்பளமேனும் தருவது அறம். பெரியவர் இறைவனடி சேர்ந்த அன்றே உதவியாளரின் வேலையும் போய்விடுகிறது. கடைசிவரை அந்த உடலைத் துடைத்துப் பேணியவர் அவர். பதின்மூன்றாம் நாள் தானங்களில் அவருக்கும் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பள அளவில் இருக்குமானால், மறைந்தவரின் ஆன்மா மகிழாமல் போகாது.

மருத்துவமனை நடத்தும் அன்பர்களுக்கும் கடமை உண்டு. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோரை இ.எஸ்.ஐ.யில் சேர்க்க வேண்டும் என்பது விதி. பலரும் இதைத் தவிர்க்க வழி தேடுகிறார்கள். நாள் முழுதும் நோயாளிகளைத் தொடும் ஒருவருக்கு நோய் வந்தால் போக ஓர் இடம் இல்லாதிருப்பது எவ்வளவு பெரிய கொடுமை! வாசலில் பிள்ளையார் சந்நிதி கட்டி, நாள்தோறும் பூசை நடத்தும் மருத்துவமனைகள் பல உண்டு. அந்தப் பூசையோடு இந்த விதியையும் கடைப்பிடித்தால், பிள்ளையார் மேலும் மகிழ்வார்.

உறையூரில் வெக்காளியம்மன் வெட்டவெளியில் வீற்றிருக்கிறாள். அவளுடைய கருவறைக்கு விமானம் இல்லை. முன்னொரு காலத்தில் ஊர் அழிந்து மக்கள் வீடிழந்து தவித்தபோது, அவர்கள் அனைவருக்கும் வீடு அமையும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று அவள் இருந்துவிட்டதாக வரலாறு சொல்கிறது. வெயிலும் மழையும் அவள்மேலேயே விழுகின்றன. தன் மக்களின் குறை தீராமல் தனக்கு நிறைவு இல்லை என்பது அவளது திருவுள்ளம். தங்கள் குறைகளைத் தாளில் எழுதி அவள் முன்னுள்ள சூலத்தில் கட்டிவிட்டுப் போவது அங்குள்ள பக்தர்களின் வழக்கம்.

இரவு வேலை முடிந்து திரும்பும் உறையூர்த் தாயும் ஒருநாள் அங்கே ஒரு தாளைக் கட்டக்கூடும். மாளிகை வேண்டும் என்றோ, நகை வேண்டும் என்றோ அதில் எழுதியிருக்க மாட்டார். "இந்த மாதம் சம்பளம் ஐந்தாம் தேதிக்குள் வரவேண்டும், தாயே" என்பதே அவருடைய வேண்டுதலாக இருக்கும். அந்த வேண்டுதலை நிறைவேற்ற அம்பிகை வேறெங்கும் போகவேண்டியதில்லை. சம்பளம் கொடுக்கவேண்டியவரும் அதே சந்நிதியில், அடுத்த வரிசையில், கைகூப்பி நின்றுகொண்டிருக்கலாம்.