ஒரே பெயர்... மூன்று சர்ச்சில்! அட்டையை மட்டும் நம்பி வாங்கினால் என்ன ஆகும்?

பழைய புத்தகக் கடையில் 'தி க்ரைசிஸ்' என்று ஒரு தடித்த புத்தகம் கண்ணில் படுகிறது. அட்டையில் வின்ஸ்டன் சர்ச்சில் என்ற பெயர். 'பிரிட்டிஷ் பிரதமர் முதல் உலகப் போர் பற்றி எழுதினாரே, அதுதான் போல' என்று ஆசையாக வாங்கி வந்து புரட்டினால், போர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால், அது அமெரிக்க உள்நாட்டுப் போர். ஆபிரகாம் லிங்கன் வருகிறார். செயின்ட் லூயிஸ் நகரில் ஓர் இளம் வழக்கறிஞருக்கும், எதிர்த்தரப்பை ஆதரிக்கும் குடும்பத்துப் பெண்ணுக்கும் இடையே காதல் வேறு ஓடுகிறது. வாயில் சுருட்டுடன் போட்டோவில் முறைப்பாரே, அந்த சர்ச்சிலா இதை எழுதினார்?

அவர் இல்லை. அவர் எழுதிய முதல் உலகப் போர் வரலாற்றின் பெயர் 'தி வேர்ல்ட் க்ரைசிஸ்'. அதன் முதல் பாகம் வந்தது 1923-ல். 'தி க்ரைசிஸ்' வந்தது 1901-ல். எழுதியவர் அமெரிக்காவின் வின்ஸ்டன் சர்ச்சில். பெயரும் ஒன்று, தலைப்பும் கிட்டத்தட்ட ஒன்று. வாங்குபவர் என்னதான் செய்வார்?

இதில் சுவாரஸ்யமே, அந்தக் காலத்தில் 'நிஜமான' வின்ஸ்டன் சர்ச்சிலாக உலகம் நினைத்தது அமெரிக்கரைத்தான் என்பதே!

'எனக்கா இத்தனை பாராட்டு?'

அமெரிக்க சர்ச்சில் 1871-ல் மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸில் பிறந்தவர். பிரிட்டிஷ் சர்ச்சிலைவிட மூன்று வயது மூத்தவர். அமெரிக்கக் கடற்படை அகாடமியில் படித்து 1894-ல் வெளியே வந்தார். அதே ஆண்டில்தான் அங்கே இங்கிலாந்தில் இன்னொருவர் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரிப் படிப்பை முடித்தார். இரண்டு பேருமே சீருடையைக் கழற்றிவிட்டுப் பேனாவைப் பிடித்தார்கள்.

1899-ல் வெளியான அமெரிக்கரின் 'ரிச்சர்ட் கார்வெல்' நாவல் லட்சக்கணக்கில் விற்றது. அதே சமயம் 24 வயது பிரிட்டிஷ் சர்ச்சிலும் ஒரு நாவல் எழுதியிருந்தார். பெயர் 'சவ்ரோலா'. அது 'மேக்மில்லன்ஸ் மேகஸின்' இதழில் தொடராக வந்துகொண்டிருந்தது. திடீரென்று அவருக்குப் பாராட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கின. தன் தொடரைத்தான் புகழ்கிறார்கள் என்று முதலில் பூரித்துப் போனார், பாவம். பிறகுதான் தெரிந்தது, பாராட்டெல்லாம் 'ரிச்சர்ட் கார்வெல்' எழுதியவருக்கு என்பது.

1899 ஜூன் 7-ம் தேதி லண்டனில் இருந்து ஒரு கடிதம் எழுதினார். அனுப்புநர் பெயரும் பெறுநர் பெயரும் ஒன்றே. போதாக்குறைக்குக் கடிதம் முழுவதையும் 'அவர்... அவர்...' என்று படர்க்கையிலேயே எழுதியிருக்கிறார். எந்த சர்ச்சில் எந்த சர்ச்சிலிடம் பேசுகிறார் என்று விரல் வைத்துப் படிக்க வேண்டியிருக்கும். விஷயம் இதுதான்: தன்னுடைய நாவலும் வரப்போகிறது, சூடான் போர் பற்றிய புத்தகமும் வரப்போகிறது, இருவர் புத்தகங்களும் ஒன்றோடொன்று குழம்பிவிடும் ஆபத்து இருக்கிறது. ஆகவே, இனி தன் புத்தகங்களில் 'வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில்' என்று போட்டுக்கொள்ளத் தயார்.

அமெரிக்கரும் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். தனக்கும் நடுவில் வேறு பெயர் ஏதாவது இருந்திருந்தால் நிச்சயம் அதைச் சேர்த்துக்கொண்டிருப்பேன் என்றார். பாவம், அவருக்கு அப்பா அம்மா வைத்ததே அந்த இரண்டு சொல்தான். பிரிட்டிஷ்காரருக்கோ வின்ஸ்டன் லியோனார்ட் ஸ்பென்சர் சர்ச்சில் என்று கைவசம் தாராளமாக இருந்தது. அவருடைய புத்தக அட்டைகளில் 'வின்ஸ்டன் எஸ். சர்ச்சில்' என்று பார்க்கிறோமே, அந்த 'எஸ்' வெறும் ஸ்டைலுக்காக வந்ததல்ல. இன்னொருவர் தன்னைவிடப் பிரபலமாக இருந்ததால் வந்தது.

அடுத்த ஆண்டு, 1900 டிசம்பரில், சொற்பொழிவுப் பயணமாக பாஸ்டன் வந்த பிரிட்டிஷ் சர்ச்சிலுக்கு அமெரிக்க சர்ச்சில் தடபுடலாக விருந்து வைத்தார். பெயர்க் குழப்பம் அங்கும் விடவில்லை. விருந்தாளிக்கு வந்த தபால்கள் எல்லாம் விருந்து கொடுத்தவர் வீட்டுக்குப் போயின. விருந்துக்கான பில் விருந்தாளியிடம் வந்து நின்றது! (பிறகு சரிசெய்துகொண்டார்கள்.) 'நான் பிரதமர் ஆகப்போகிறேன், நீங்கள் அமெரிக்க அதிபர் ஆகிவிடுங்கள், வேடிக்கையாக இருக்கும்' என்கிற மாதிரி பிரிட்டிஷ்காரர் அப்போது சொன்னதாக ஒரு கதையும் உண்டு.

அமெரிக்கரும் சும்மா இருக்கவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் மாநில சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1906-லும் 1912-லும் ஆளுநர் பதவிக்கு முயன்று தோற்றார். ஆனால், எழுத்தில் அவர் தொட்டதெல்லாம் பொன். 1901, 1904, 1906, 1908, 1913 என ஐந்து ஆண்டுகளில் அமெரிக்காவில் அதிகம் விற்ற நாவல் அவருடையதுதான். அதிபர் உட்ரோ வில்சன் கோடைக்காலத்துக்குத் தங்கியதே இவருடைய வீட்டில்தான் என்றால் செல்வாக்கை யூகித்துக்கொள்ளலாம்.

பிறகு, 1919 வாக்கில் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஓவியம் வரைந்தார். (இன்னொரு சர்ச்சிலுக்கும் ஓவியம்தான் பொழுதுபோக்கு. இதிலுமா?) 1940-ல் 'தி அன்சார்ட்டட் வே' என்று மதம் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதே 1940-ல்தான் அங்கே ஒருவர் பிரதமரானார். அந்த வருடத்தில் 'வின்ஸ்டன் சர்ச்சில் எழுதியது' என்று ஒரு புத்தகத்தை நீட்டினால் வாங்குபவர் மனதில் எந்த முகம் வந்திருக்கும்?

1947-ல் அவர் ஃப்ளோரிடாவில் காலமானார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1953-ல், வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. எந்த சர்ச்சிலுக்கு என்று சொல்லவே தேவையில்லை.

மூன்றாவது ஆளையும் சொல்லிவிட வேண்டும். பிரதமரின் பேரன் பெயரும் வின்ஸ்டன் சர்ச்சில் (1940 - 2010). பத்திரிகையாளர், எம்.பி., எழுத்தாளர். தாத்தாவின் உரைகளைத் தொகுத்து 2003-ல் ஒரு நூலும் வெளியிட்டார். அதில் பேசியவர் பெயரும் தொகுத்தவர் பெயரும் ஒன்று!

நடிகைக்கு வந்த கடிதம் நாவலாசிரியர் வீட்டில்

சர்ச்சில்கள் பரவாயில்லை, உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டார்கள். எலிசபெத் டெய்லருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இங்கிலாந்தின் ரெடிங் நகரில் 1912-ல் பிறந்த எலிசபெத் கோல்ஸ், ஜான் டெய்லரைத் திருமணம் செய்துகொண்டு எலிசபெத் டெய்லர் ஆனார். கணவர் மிட்டாய்த் தொழில் செய்தவர். இரண்டு குழந்தைகள், வீட்டு வேலை, நடுவில் எழுத்து. முதல் நாவல் 1945-ல் வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1944 டிசம்பரில், 'நேஷனல் வெல்வெட்' படம் வெளியாகி, 12 வயது எலிசபெத் டெய்லர் நட்சத்திரமாகியிருந்தார். இதைவிட மோசமான டைமிங் இருக்க முடியாது.

ரசிகர்களின் கடிதங்கள் நாவலாசிரியருக்கு வந்தன. பிகினி போட்டோ அனுப்பச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு. 'ஒன்றை அனுப்பி அவர்களை அதிரவைத்துவிடேன்' என்பது கணவரின் யோசனை. ஆனால் தன்னிடம் பிகினியே கிடையாது என்று சிரிப்போடு சொல்லியிருக்கிறார் அவர்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். கிங்ஸ்லி ஏமிஸ் போன்ற எழுத்தாளர்கள் கொண்டாடிய எழுத்து அது. 1971-ல் வந்த 'மிஸஸ் பால்ஃப்ரே அட் தி க்ளேர்மான்ட்' புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. லண்டன் ஹோட்டல் ஒன்றில் முதுமையைக் கழிக்கவரும் கணவரை இழந்த பெண்ணின் கதை. பேரன் எட்டிப் பார்ப்பதில்லை. அக்கம்பக்கத்து மேஜைக்காரர்களிடம் மானம் போகக் கூடாதே என்று, தற்செயலாக அறிமுகமான ஓர் இளைஞனைப் பேரன் என்று அறிமுகப்படுத்திவிடுகிறார். ஆள் மாறாட்டத்தால் வாழ்நாள் முழுக்க அவதிப்பட்டவர் எழுதிய ஆள் மாறாட்டக் கதை!

கூத்து என்னவென்றால், நடிகையும் புத்தகங்கள் எழுதியிருக்கிறார். சிறுமியாக இருந்தபோது தன் செல்ல அணில் பற்றி ஒன்று (1946), உடல் எடையைக் குறைத்தது பற்றி ஒன்று (1988), நகைகள் பற்றி ஒன்று (2002). ஆக, எலிசபெத் டெய்லர் என்று தேடினால் அணில், டயட், வைரம், புக்கர் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். நாவலாசிரியர் 1975-லேயே மறைந்துவிட்டார். 1980-களில் விராகோ பதிப்பகம் மறுபதிப்பு செய்த பிறகே புதிய வாசகர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள்.

நூலகம் எப்படிச் சமாளிக்கிறது?

நூலகர்களிடம் எளிய வழி இருக்கிறது. பெயருக்குப் பின்னால் பிறப்பு, இறப்பு ஆண்டு. 'சர்ச்சில், வின்ஸ்டன், 1871-1947' ஓர் ஆள், '1874-1965' இன்னோர் ஆள். இப்போது எழுத்தாளர்கள், கலைஞர்களுக்கென்று ஐ.எஸ்.என்.ஐ என்ற 16 இலக்கத் தனி எண்ணும் வந்துவிட்டது. ஆதார் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், நான்கு இலக்கம்தான் கூடுதல். ஆனால், எந்த வாசகர் கடைக்குப் போய் எண்ணைச் சொல்லிப் புத்தகம் கேட்பார்? 'க்ளவுட் அட்லஸ்' எழுதிய நாவலாசிரியர் டேவிட் மிட்செலும், இங்கிலாந்து மன்னர்களைக் கலாய்த்து 'அன்ரூலி' எழுதிய காமெடியன் டேவிட் மிட்செலும் இன்று ஒரே கடையில்தான் விற்கிறார்கள். அட்டையைத் திருப்பி, 'இதே ஆசிரியரின் பிற நூல்கள்' பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டால் பணம் மிச்சம்.

தமிழிலும் இந்தத் தலைவலி புதிதல்ல. சங்கப் பாடல் பாடிய ஔவையார் வேறு, ஆத்திசூடி ஔவையார் வேறு என்பார்கள் தமிழறிஞர்கள். அவர்களுக்கு ஆண்டு போட்டுப் பிரிக்கவும் வழியில்லை.

நம் காலத்தில் நடந்ததோ, பாஸ்டன் விருந்துக்குக் குறைந்ததில்லை. எஸ்.ரங்கராஜன் என்ற இளைஞர் குமுதத்தில் எழுத வந்தபோது, அங்கே ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். குழப்பம் வேண்டாம் என்று புதியவர் மனைவியின் பெயரைப் புனைபெயராக்கிக்கொண்டார். அப்படித்தான் தமிழுக்கு 'சுஜாதா' கிடைத்தார். ஆனால், 1970-களில் அதே பெயரில் ஒரு நடிகை 'அவள் ஒரு தொடர்கதை' மூலம் வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். ரங்கராஜன் குழப்பத்துக்குத் தப்பித்தவர், கடைசிவரை 'எழுத்தாளர் சுஜாதா' என்றே அழைக்கப்பட வேண்டியதாயிற்று.

சரி, இவருக்காகப் பெயர் காப்பாற்றப்பட்ட ரா.கி.ரங்கராஜன் என்ன செய்தார்? சூர்யா, ஹம்சா, மாலதி என்று வேறு வேறு பெயர்களில் எழுதித் தள்ளினார்!