ஜெயிக்காத கட்சி... ஆனாலும் டிரம்ப் தேடிப் போனார்! யார் இந்த லிபர்டேரியன்கள்?

2024 மே 25. வாஷிங்டனில் லிபர்டேரியன் கட்சியின் தேசிய மாநாடு. மேடையில் டொனால்ட் டிரம்ப். கீழே கைதட்டலைவிட கூச்சல்தான் அதிகம். சிலர் கையில் 'ராஸை விடுதலை செய்' என்ற பதாகை.

அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் ஒருமுறைகூட ஜெயிக்காத கட்சி இது. அங்கே டிரம்புக்கு என்ன வேலை?

கொள்கை என்ன?

1971-ல் கொலராடோவில் தொடங்கிய கட்சி. ஒரே வரியில் சொன்னால், 'அரசாங்கம் எங்கள் வாழ்க்கையில் தலையிடாதே'. வரி குறைய வேண்டும், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை வேண்டும் என்பார்கள். கூடவே போதைப்பொருள் பயன்பாடு குற்றமில்லை, வெளிநாட்டுப் போர் வேண்டாம் என்பார்கள். அதனால் வலது, இடது இரண்டிலும் முழுசாகச் சேர மாட்டார்கள்.

பலம் எவ்வளவு?

2016 அதிபர் தேர்தலில் கேரி ஜான்சன் வாங்கியது சுமார் 45 லட்சம் ஓட்டு. 3 சதவீதத்துக்கு மேல். அதுதான் இன்றுவரை உச்சம்.

ஓட்டு குறைவுதான், ஆனால் நெருக்கமான போட்டியில் அதுவே ஆட்டத்தை மாற்றும். 2022-ல் ஜார்ஜியா செனட் தேர்தலில் சேஸ் ஆலிவர் எடுத்தது சுமார் 2 சதவீதம். அதனால் பெரிய கட்சிகள் இரண்டுமே 50 சதவீதத்தைத் தொடவில்லை. மாநிலச் சட்டப்படி மறுபடியும் தேர்தல் நடத்த வேண்டியதாயிற்று.

இந்த 2 சதவீதத்தைத் தேடித்தான் டிரம்ப் வந்தார்.

யார் அந்த ராஸ்?

'சில்க் ரோடு' என்ற இணையதளத்தை நடத்தியவர் ராஸ் உல்பிரிக்ட். பிட்காயின் கொடுத்து போதைப்பொருள் வாங்கும் சந்தை அது. 2015-ல் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது. தண்டனை ரொம்ப அதிகம் என்று லிபர்டேரியன்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். அந்தத் தளத்தில் வாங்கிய போதைப்பொருளால் உயிர்கள் போயின என்பது அரசுத் தரப்பு வாதம். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரும் நீதிமன்றத்தில் பேசினார்கள்.

தண்டனையைக் குறைப்பதாக அந்த மேடையில் வாக்குறுதி கொடுத்தார் டிரம்ப். 2025 ஜனவரி 21-ல், பதவியேற்ற மறுநாளே, முழு மன்னிப்பே கொடுத்துவிட்டார்.

அப்போ கட்சிக்கு லாபமா?

இங்கேதான் சிக்கல். மாநாடு டிரம்பை வேட்பாளராக ஏற்கவில்லை, சேஸ் ஆலிவரையே தேர்வு செய்தது. ஆனால் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது சுமார் 6.5 லட்சம் ஓட்டு. வெறும் 0.4 சதவீதம்.

இது கௌரவப் பிரச்சினை மட்டுமில்லை. பல மாநிலங்களில் குறிப்பிட்ட சதவீத ஓட்டு வாங்கினால்தான் வாக்குச்சீட்டில் கட்சியின் இடம் நீடிக்கும். இல்லாவிட்டால் அடுத்த தேர்தலுக்கு மறுபடி ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி அலைய வேண்டும். சின்னக் கட்சியின் பணமும் ஆட்களும் அதிலேயே கரைந்துபோகும்.

கேட்ட கோரிக்கை கிடைத்துவிட்டது. ஆனால் டிரம்பை அங்கே வரவழைத்தது அந்தச் சின்ன ஓட்டு வங்கிதான். அது இப்படியே சுருங்கினால், அடுத்த முறை யார் தேடி வருவார்கள்?