சாவியைத் திருப்பினால் கேட்கும் ‘டிக் டிக்’

தஞ்சோங் மாலிம் என்றாலே இப்போது பலருக்கும் புரோட்டான் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். 2004-இல் வெளிவந்த ஜென்-2 தொடங்கி எத்தனையோ புதுக் கார்கள் அங்கிருந்துதான் சாலைக்கு வந்தன. ஆனால், அந்த ஊரில் இருக்கும் என் சொந்தபந்தங்களிடம் கேட்டால், மரியாதை எல்லாம் பழைய சாகாவுக்குத்தான். தோட்டத்து வீட்டை விட்டு வெளியே வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் கார் அதுதானே!

1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகமான சாகா, நாற்பது வயதைத் தொட்டுவிட்டது. இன்றைக்கும் அதைத் துடைத்து, மெழுகு போட்டு, ஞாயிற்றுக்கிழமை பசியாறப் போகும்போது மட்டும் வெளியே எடுக்கும் ஆட்களைப் பார்க்கிறேன். இளைஞர்களும் இப்போது தேடித் தேடி வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு செய்யும் வேலைகளில் ஒன்று, பழைய பெட்ரோல் பம்பைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் பம்ப் போடுவது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். காரணம், சரியாகப் போட்டால் அது நல்ல வேலை. தப்பாகப் போட்டால் பின் இருக்கையில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஆபத்து.

முதலில், பழைய பம்ப் எப்படி வேலை செய்கிறது? சாகாவின் கார்பரேட்டர் என்ஜினில் பம்ப் என்ஜினோடு ஒட்டியே இருக்கும். கேம்ஷாஃப்ட் சுற்றும்போது ஒரு கையை மேலும் கீழும் அசைக்கும். அந்தக் கை, உள்ளே இருக்கும் ரப்பர் படலத்தை இழுக்கும். அந்த இழுப்பில் பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் முன்னால் வரும். எளிமையான ஏற்பாடு.

இதில் இரண்டு தொல்லைகள். ஒன்று, வெயில். நீண்ட நேரம் ஓட்டி, ஜேமில் நின்றால் என்ஜின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். உறிஞ்சி இழுக்கும் குழாயில் அழுத்தம் குறைவு என்பதால் ஆவியாவது இன்னும் சுலபம். பம்ப் ஆவியை இழுக்கும், பெட்ரோல் வராது, கார் நின்றுவிடும். இரண்டாவது, வயது. ரப்பர் படலம் கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் நீர்த்துப்போய் என்ஜினே பாழாகும். எண்ணெய்க் குச்சியை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

எலக்ட்ரிக் பம்ப் ஒன்றும் புதுமை இல்லை. நம் தாத்தாக்கள் காலத்து மோரிஸ் மைனரில் அதுதான் இருந்தது. சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என்று கேட்கும். சத்தம் அடங்கினால் கார்பரேட்டர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால், ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. பழைய பம்ப் என்ஜின் நின்றால் தானாகவே நின்றுவிடும். எலக்ட்ரிக் பம்ப் அப்படி இல்லை. மின்சாரம் வரும்வரை ஓடும். விபத்தில் கார் நசுங்கி, என்ஜின் நின்று, பெட்ரோல் குழாய் அறுந்து கிடந்தாலும், சாவி ‘ஆன்’ நிலையில் இருந்தால் அது பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் கொதிக்கும் எக்ஸாஸ்ட். மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

தஞ்சோங் மாலிமில் இருக்கும் என் பெரியப்பாவின் சாகாவிலும் ஒரு பட்டறையில் எலக்ட்ரிக் பம்ப் போட்டிருந்தார்கள். போனமுறை போனபோது பெருமையாகக் காட்டினார். சோதனை விளக்கு ஒன்றை வைத்துப் பார்த்தோம். சாவியிலிருந்து நேராக ஒரு மெல்லிய ஒயர். பியூஸ் இல்லை, ரிலே இல்லை, தானாக நிறுத்தும் எதுவும் இல்லை.

“ஏம்மா, நல்லாத்தானே ஓடுது? ஆறு மாசமா ஒரு தொந்தரவும் இல்லையே,” என்றார்.

“ஓடுறது சரிங்க பெரியப்பா. எங்கேயாவது இடிச்சிட்டா, சாவியை அணைக்கிற நிலைமையில நீங்க இருப்பீங்களா? பேரப்பிள்ளைங்க மூணு பேரும் பின்னாலதானே உட்கார்றாங்க?”

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரமே வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்து எல்லாவற்றையும் திருத்திவிட்டார். அந்த மெக்கானிக் செய்ததையும், நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: உண்மையிலேயே தேவையா? டேங்குக்குத் திரும்பும் குழாய் அடைத்திருந்தாலும், பெட்ரோல் குழாய் சூடான இடத்தை ஒட்டிப் போனாலும் இதே தொல்லை வரும். பழைய பம்ப் மட்டுமே கெட்டிருந்தால், அதே வகைப் புதுப் பம்ப் போட்டாலே போதும். அதுவே மலிவு, அதுவே பாதுகாப்பு.

அழுத்தம்: கார்பரேட்டருக்கு ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ போதும். டயருக்குக் காற்றடிப்பதே 30 பிஎஸ்ஐ அளவில்தான்! புதுக் கார்களின் இன்ஜெக்‌ஷன் பம்ப் 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும். பழைய உலோகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று அதை மாட்டினால் கார்பரேட்டர் பொங்கி வழியும். கார்பரேட்டருக்கென்றே செய்த பம்பைக் கேட்டு வாங்குங்கள். அழுத்தம் கூடுதலாக இருந்தால் ரெகுலேட்டர் வையுங்கள்.

இடம்: எலக்ட்ரிக் பம்ப் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் மட்டம். அதனால் டேங்குக்குப் பக்கத்தில், தாழ்வாக, காருக்கு வெளியே இருக்க வேண்டும். எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி இருக்கட்டும். பூட் உள்ளேயோ, இருக்கைக்கு அடியிலோ வேண்டவே வேண்டாம். பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர் அவசியம். பழைய டேங்கில் துரு இல்லாமல் இருக்காது.

குழாய்: பெட்ரோலுக்கென்று செய்த ரப்பர் ஹோஸ் மட்டும்தான். மீன் தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் குழாயைப் பார்த்திருக்கிறேன். அது சூட்டில் இறுகி வெடித்துவிடும். பழைய ஹோஸ்களையும் இதே சமயத்தில் மாற்றிவிடுங்கள். ரப்பரை அறுக்காத, உருண்டை விளிம்புள்ள கிளிப் நல்லது.

ஒயரிங்: பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ், பிறகு ரிலே. சாவி ரிலேயை மட்டும் இயக்கட்டும்.

நிறுத்தும் ஏற்பாடு: இதுதான் உயிர். இரண்டு வகை உண்டு. ஒன்று, இடி விழுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனெர்ஷியா சுவிட்ச். உள்ளே காந்தம் பிடித்திருக்கும் ஓர் இரும்புக் குண்டு, மோதலில் விடுபட்டுச் சுவிட்சைத் தட்டிவிடும். மேலே இருக்கும் பொத்தானை அழுத்தினால் மறுபடி வேலை செய்யும். இன்னொன்று, என்ஜின் சுற்றுகிறதா என்று பார்த்து மின்சாரம் கொடுப்பது. எண்ணெய் அழுத்த சுவிட்ச் வைத்தும் செய்யலாம், காயிலின் துடிப்பை உணரும் ரிலே வைத்தும் செய்யலாம். எண்ணெய் அழுத்த சுவிட்ச் வைத்தால், ஸ்டார்ட் செய்யும் நொடிகளில் மட்டும் பம்புக்கு வேறு வழியில் மின்சாரம் போக வேண்டும். இரண்டு வகையையும் சேர்த்துப் போடுவது நிம்மதி.

பழைய பம்பைக் கழற்றிய இடத்தில் கேஸ்கெட்டோடு மூடித் தகடு போட வேண்டும். அதை அப்படியே விட்டு, அதன் வழியாகவே பெட்ரோலை அனுப்பாதீர்கள். படலம் கிழிந்தால் புதுப் பம்ப் நேராக என்ஜின் எண்ணெய்க்குள் பெட்ரோலை ஊற்றும்.

வேலை செய்யும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றியிருக்க வேண்டும், காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய்த் தூரத்தில் இருக்கும் நெருப்பைப் பிடிக்கும். உலர் தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீ கைமீறினால் விலகி நின்று 999-ஐ அழையுங்கள். வேலை முடிந்ததும் காப்புறுதி நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே பம்ப் போட்டிருக்கிறீர்களா? மெக்கானிக்கிடம் மூன்று சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒன்று, சாவியை ‘ஆன்’ செய்து, ஸ்டார்ட் செய்யாமல், ரிலேயிலிருந்து பம்புக்குப் போகும் ஒயரில் சோதனை விளக்கு வைக்க வேண்டும். சில நொடிகளில் விளக்கு அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் என்ஜினைப் பார்த்து நிறுத்தும் ஏற்பாடு உங்கள் காரில் இல்லை. இரண்டு, என்ஜின் ஓடும்போது இனெர்ஷியா சுவிட்சைத் தட்டிவிட்டால் பம்ப் உடனே நிற்க வேண்டும். மூன்று, பம்பின் இணைப்புகளில் ஈரமோ வாடையோ கூடாது.

மூன்றும் சரியாக இருந்தால், தாராளமாகக் குடும்பத்தோடு ஈப்போ வரை ஒரு சுற்றுப் போய் வாருங்கள். ஒன்று தவறினாலும் காரை வீட்டிலேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போன் போடுங்கள். அந்த நாற்பது வயதுக்காரர் ஒரு வாரம் ஓய்வெடுப்பதால் ஒன்றும் குறைந்துவிட மாட்டார்.