பள்ளம் வெட்டியவர் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கிறது?

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குப் போய்விட்டு சிறுவள்ளிக் கிழங்கு வாங்காமல் திரும்புகிறவர்கள் விழுப்புரம், கடலூர்ப் பக்கம் அநேகமாக இருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் இப்போது அந்தக் கிழங்கு வாங்குவதில்லை. தென்பெண்ணைக்குத் திருவிழா பார்க்கப் போன என் தம்பி உயிரோடு திரும்பவில்லை. அவனுக்கு அப்போது பதினேழு வயது.

நாங்கள் மரக்காணத்து உப்பளக் குடும்பம். அம்மாவும் அப்பாவும் கூலிக்கு உப்பு வாரியவர்கள். பொங்கல் முடிந்த கையோடு, மழையில் கரைந்த வரப்புகளைச் சரிசெய்து, பாத்திச் சேற்றை மிதித்து இறுக்கும் வேலை தொடங்கிவிடும். தம்பிக்கு அந்த மிதிப்பு வேலை பிடிக்கும். சினிமாப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே குதிகாலை அழுத்தி அழுத்தி மிதிப்பான். தண்ணீர் பாய்ச்சிய பிறகு பாத்தியில் விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் வெயில் அடிச்சா போதும்மா" என்பான். பெரும்பாலும் அவன் சொன்னபடிதான் நடக்கும்.

தண்ணீரிலேயே வளர்ந்த பிள்ளை எப்படி முழுகினான் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். அவர்கள் உப்பளத்தைப் பார்த்ததில்லை. பாத்தித் தண்ணீர் கணுக்காலைத் தாண்டாது. ஊரைச் சுற்றி பக்கிங்காம் கால்வாய் உண்டு, கழுவேலி உண்டு, கிழக்கே கடலும் உண்டு. ஆனால் விடியுமுன் அளத்துக்குப் போகும் தாய் தகப்பனுக்குப் பிள்ளையை நீச்சலுக்கு அழைத்துப் போக ஏது பொழுது? "கால்வாய்ப் பக்கம் போனா காலை ஒடிச்சிடுவேன்" என்று மிரட்டிவிட்டுப் போவார்கள். குப்பத்துப் பையன்கள் மீன்குஞ்சு மாதிரி நீந்துவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கை கால் அசைக்கத் தெரியாது.

அன்று தம்பி இறங்கியது முழங்கால் தண்ணீரில். தீர்த்தவாரிக்குச் சாமிகள் வந்து நின்ற இடத்துக்கும் அதற்கும் கூப்பிடு தூரம்தான். பெரியம்மா மகனோடு பேசிக்கொண்டே நாலு எட்டு வைத்தவனை அடுத்த எட்டில் காணோம். மணல் அள்ளிய பள்ளம். லாரி ஏறி இறங்கிய தடம் கரையில் அப்படியே கிடந்தது. மேலே இருந்து பார்த்தால் ஆறு ஒரே மட்டமாகத்தான் தெரியும். பெரியம்மா மகன் அவன் முடியைப் பிடிக்கப் போய்த் தானும் திணறினான். யாரோ வேட்டியை அவிழ்த்து வீசியதில் அவன் பிழைத்தான். தம்பியைத் தீயணைப்பு வீரர்கள் பொழுது சாயும்போது எடுத்தார்கள்.

"தண்ணியில கண்டம்னு ஜாதகத்துலயே இருந்துச்சு" என்றார் உறவுக்காரப் பெரியவர் ஒருவர். அவரையாவது மன்னிக்கலாம். போலீஸ் காகிதத்தில், குளிக்கும்போது ஆழமான பகுதிக்குச் சென்றதால் மூழ்கினான் என்று எழுதியிருந்தார்கள். ஏதோ ஆழத்தைத் தேடிக்கொண்டு இவன் போனதுபோல! அந்த இடத்தில் ஆழத்தை உண்டாக்கியவர் பெயர் காகிதத்தில் எங்கும் இல்லை. மாசியில் அம்மா மறுபடி அளத்துக்குப் போய்விட்டாள். வெயில் காலத்து வேலையை விட்டால் மழைக்காலத்தில் அடுப்பு எரியாது.

இது எங்கள் ஒரு வீட்டுத் துக்கமாக இருந்தால் பத்திரிகையில் எழுத மாட்டேன். 2022 ஜூன் 5 அன்று நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப்போன சிறுமிகளும் பெண்களுமாக ஏழு பேர் போனார்கள். முழுகியவரைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்தே போனார்கள். அடுத்த பிப்ரவரியில் மாயனூரில் காவிரியில் நான்கு பள்ளி மாணவிகள். விளையாட்டுப் போட்டிக்காகப் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த பிள்ளைகள். இரண்டுக்கும் அரசு நிவாரணம் அறிவித்தது. கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் மட்டும் நாட்டில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2023 டிசம்பரில் ஒரு செயல்திட்டமும் வெளியிட்டது. அதிலிருந்து ஒரு சிவப்புக் கொடிகூட எங்கள் பக்கத்து ஆற்றங்கரைக்கு வந்து நான் பார்க்கவில்லை.

ஆற்று மணல் குவாரிகளை 2003-ல் தமிழக அரசே கையில் எடுத்துக்கொண்டது. திருட்டு மணலும் ஊரறியப் போகிறது. அனுமதியோடு வெட்டினாலும் அனுமதி இல்லாமல் வெட்டினாலும் பள்ளத்தை மூடி மட்டம் செய்துவிட்டுப் போகிறவர் கிடையாது. ஆற்றுத் திருவிழாவுக்குப் போலீஸ் பந்தோபஸ்து போடுகிறார்கள். அதே அதிகாரிகள் முந்தின நாள் நாலு ஆட்களிடம் மூங்கில் கழியைக் கொடுத்து, ஜனம் இறங்கும் இடத்தில் குத்திப் பார்க்கச் சொல்ல எவ்வளவு செலவாகும்? 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து வெள்ளம் பெருக்கெடுத்த ஆறு இது. போன வருஷம் மேடாக இருந்த இடம் இந்த வருஷமும் மேடாகவே இருக்கும் என்று யாரும் நம்பி இறங்க முடியாது.

பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் 2020 ஆகஸ்டில் இளைஞர்கள் நான்கு பேர் மூழ்கியபோது செந்தமிழ்ச்செல்வி, சுந்தரபாள், முத்தம்மாள் என்ற மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். அரசு அவர்களுக்கு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. தகுதியான விருது. அதோடு, கயிறு கட்டிய காலிக் கேன் ஒன்றை ஒவ்வொரு படித்துறையிலும் தொங்கவிட்டிருந்தால் அடுத்த ஊரில் ஒரு பெண் சேலையை அவிழ்க்க வேண்டியிருக்காது.

விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியர்களிடம் கேட்பது இதுதான்: அடுத்த தைக்கு முன் தென்பெண்ணையில் சாமி இறங்கும் இடங்களை அளந்து, பள்ளங்களை மூடுங்கள். மூட முடியாத இடத்தில் கம்பு நட்டுக் கொடி கட்டுங்கள், கயிறும் கேனும் வையுங்கள். கடலோரத்து அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலேயே நீச்சல் கற்றுக்கொடுங்கள். திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களே, யாராவது முழுகினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கையில் அகப்பட்ட துண்டையோ வேட்டியையோ வீசுங்கள், கத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.