ஏற்கும் கை

கராத்தே என்ற சொல் செவியில் விழுந்ததும், இறுகிய முஷ்டியும் இரண்டாகப் பிளந்து விழும் ஓடுமே நம் மாணவர்தம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. அக்கலை பிறந்த ஒகினாவாத் தீவின் மரபோ வேறு பாடம் சொல்கிறது. முஷ்டி அதன் ஒரு பகுதியே. விரிந்த கையே அதன் நுட்பம் என்பது என் கருத்து.

'தே' என்றால் கை. 'சீனக்கை' என்னும் பொருள்பட எழுதப்பட்டு வந்த கராத்தே, 1936-ஆம் ஆண்டு நாஹா நகரில் ஆசான்கள் கூடி ஆய்ந்தபின் 'வெறுங்கை' என்னும் பொருளில் நிலைபெற்றது. வெறுங்கை என்பது வறுங்கையன்று. சுண்டுவிரற் பக்கத்து விளிம்பு 'ஷூத்தோ' என்னும் கத்தி. நீட்டிய விரல்நுனிகள் 'நுகித்தே' என்னும் ஈட்டி. உள்ளங்கையின் அடிப்பாகமும், ஆட்காட்டி விரலின் புடைத்த கணுவும் தாக்கும் கருவிகளே.

உவேச்சி கன்புன் (1877-1948) சீனத்தில் பயின்று கொணர்ந்த மரபில், 'சான்சின்' என்னும் அடிப்படைப் பயிற்சி விரிந்த கைகளாலேயே செய்யப்படுகிறது. மியாகி சோஜுன் (1888-1953) அதனை மூடிய முஷ்டியுடன் கற்பித்தார். ஆயினும் உள்ளங்கைகள் சுழன்று இயங்கும் 'தென்ஷோ'வை வகுத்தளித்தவரும் அவரே. வன்மையும் மென்மையும் ஒருங்கே வேண்டும் என்பதை அப்பெருமகனார் உணர்ந்திருந்தார்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி இன்றியமையாதது. நாம் 'தடுப்பு' என்று கூறுவதை அவர்கள் 'உகே' என்பர். அதன் நேர்ப்பொருள் 'ஏற்றல்' என்பதாகும். வரும் கையை மோதி முறிப்பதன்று. தொட்டு, ஏற்று, திசைமாற்றுவது. இடுப்பை நோக்கிப் பின்வாங்கும் மற்றொரு கையும் அழகுக்காக அன்று. பற்றிய கையை இழுத்து எதிரியின் நிலையைக் குலைப்பதற்கே என்பது மரபுவழி விளக்கம்.

போட்டிக் களத்தையும் கையுறையையும் நான் பழிக்கவில்லை. இளைஞரின் உடல்நலம் காக்க அவை வேண்டும். ஆனால், கையுறைக்குள் மூடிய கை பற்றுவதையும் உணர்வதையும் மறந்துவிடுகிறது. புள்ளிகள் பெருகுகின்றன, கலை சுருங்குகிறது.

கராத்தேயில் முதலடி இல்லை என்பது ஃபுனகோஷி கிச்சின் வகுத்த நெறி. முதலில் அடிக்காதவன் முதலில் ஏற்கக் கற்றிருத்தல் வேண்டுமன்றோ? 'ஏற்றல்' என்பதைத் 'தடுத்தல்' எனப் பெயர்த்த அன்றே நாம் பாதிக் கலையை இழந்தோம். கற்பிக்கும் ஆசான்கள் அடியோடு சொல்லின் பொருளையும் சேர்த்தே கற்பிப்பாராக! முஷ்டி இறுகுவதற்கு முன் உள்ளம் விரியட்டும்.