ரூட்டர் பெட்டியின் சாவி யாரிடம்?

நம் சங்கங்களின் பணப்பெட்டிக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று காரியதரிசியிடம், மற்றொன்று தலைவரிடமோ காசாளரிடமோ இருக்கும். இருவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. எவர்மீதும் அவநம்பிக்கை கொண்டு செய்த ஏற்பாடன்று இது. பொதுச்சொத்து ஒருவர் கைக்குள் அடங்கிவிடலாகாது என்னும் கூட்டுறவுக் கொள்கையிலிருந்து பிறந்தது. இதனை அங்கத்தினர் யாவரும் அறிவர். ஆனால் அண்மைக் காலத்தில் நம் கிடங்குச் சுவர்களில் ஏறியிருக்கும் ரூட்டர் என்னும் சிறு பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நம்மில் எவரேனும் கேட்டதுண்டா?

விவசாயிகள் சங்கம் ஒன்றுக்கு நாம் ஆய்வுக்காகச் சென்றிருந்தபோது கண்டதை இங்கே கூறுகிறோம். அச்சங்கத்தின் குளிர்பதனக் கிடங்கில் அங்கத்தினர்களின் விதை உருளைக்கிழங்கு மூட்டைகள் இருந்தன. விதைக்கிழங்கை 2 முதல் 4 டிகிரிக் குளிரில் வைப்பது வழக்கம். கிடங்கிலுள்ள வெப்பமானியின் அளவு ரூட்டர் வழியாகக் காரியதரிசியின் கைபேசிக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை இரவு மின்சாரம் நின்று மீண்டும் வந்தது. குளிரூட்டும் யந்திரம் மீண்டும் ஓடவில்லை. ரூட்டரோ விழித்தெழுந்தவுடன் வெப்பமானிக்குப் புதியதோர் எண்ணை வழங்கிவிட்டது. பழைய எண்ணில் தேடிய கருவிக்கு விடை கிடைக்கவில்லை. ஆயினும் கைபேசி, சனிக்கிழமை மாலையின் 3 டிகிரியையே திங்கட்கிழமை காலை வரை காட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தபோது கிழங்குகள் வியர்த்திருந்தன. சில மூட்டைகள் அழுகத் தொடங்கியிருந்தன. நஷ்டம் பெருந்தொகையன்று. ஆனால் அவை அடுத்த பருவத்து நடவை நம்பியிருந்த இரு சிறு விவசாயிகளின் மூட்டைகள். அவர்களுக்கு அது சிறு நஷ்டமாகுமா?

பழுதைச் சரிசெய்ய முற்பட்டபோது வேறொரு குறை வெளிப்பட்டது. ரூட்டரின் கடவுச்சொல் அதனைப் பொருத்திய ஒப்பந்தக்காரர் ஒருவருக்கே தெரியும். அவரோ ஊரில் இல்லை. வேறு வழியின்றிப் பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்கே திருப்பி, யாவற்றையும் புதிதாக அமைக்க நான்கு நாட்கள் ஆயின. சங்கத்தின் பணத்தில் வாங்கிய யந்திரம். ஆனால் சங்கத்துக்கு அதன்மீது அதிகாரம் இல்லை!

இது பொறியாளர் வேலையன்றோ, நிர்வாகக் குழுவுக்கு இதில் என்ன பணி என்று அன்பர்கள் சிலர் வினவலாம். கணக்கெழுதுவது எழுத்தர் வேலையே. எனினும் கணக்கு சரியா என்று கேட்பது குழுவின் கடமையன்றோ? அவ்வாறே ரூட்டரைத் தம் கையால் அமைக்க வேண்டுவதில்லை. அமைத்தவரிடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்டால் போதும்.

முதலாவது, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்பட்டதா? 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய நிரல், ஏறத்தாழ 60 பொதுவான பெயர்களையும் கடவுச்சொற்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, உலகெங்கும் ரூட்டர்களையும் கேமராக்களையும் இலட்சக்கணக்கில் தன்வயப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையத்தளங்கள் பல அதனால் முடங்கின. எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல்லிட்டு விற்பதை 2024 ஏப்ரல் முதல் பிரிட்டன் சட்டத்தால் தடுத்துள்ளது. சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு கருவிக்கும் நிலையான எண் ஒதுக்கப்பட்டதா? வெப்பமானிக்கு 192.168.1.20, கதவு உணர்விக்கு 192.168.1.21 என்று ரூட்டரிலேயே குறித்துவிட்டு, ஏனையோருக்குத் தானாக வழங்கும் எண்கள் 100க்கு மேல் தொடங்குமாறு செய்துவிட்டால் மேற்சொன்ன குழப்பம் நேராது. நூல் கிடங்கின் ஈரப்பத மானிக்கும் இதே முறைதான்.

மூன்றாவது, வெளியிலிருந்து உள்ளே வரும் வாயில் ஏதேனும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறதா? தூரத்திலிருந்து பார்ப்பதற்காகச் சிலர் அவ்வாறு திறந்துவிடுகின்றனர். அது வேண்டாத வேலை. கிடங்கிலுள்ள கருவியே வெளியே சென்று செய்தி சொல்லட்டும், அல்லது வி.பி.என். என்னும் பாதுகாப்பான மறைவழி அமைக்கட்டும். சிம் அட்டையில் இயங்கும் ரூட்டர்களில் பல சந்தாதாரர்கள் ஒரே பொது எண்ணைப் பகிர்வது வழக்கமாதலால், வாயில் திறந்தாலும் பெரும்பாலும் பயன் இராது.

நான்காவது, கண்காணிப்புக் கருவிகளும் அலுவலகக் கணினியும் ஒரே வலையில் உள்ளனவா? 63,000 தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அங்கத்தினரின் கடனும் வைப்பும் இன்று கணினியில் ஏறுகின்றன. மலிவான கேமரா ஒன்றின் வழியே அக்கணக்குக்குள் அந்நியர் புக இடந்தரலாமா? இரண்டையும் வெவ்வேறு வலையில் வைப்பதே முறை.

ஐந்தாவது, செய்தி நின்றால் மணி அடிக்குமா? மௌனத்தை நலமென்று கொள்வதே எல்லாத் தவறுகளிலும் கொடியது. அரைமணி நேரம் அளவு வராவிடில் எச்சரிக்கை எழ வேண்டும். அந்த எச்சரிக்கை கிடங்கின் ரூட்டரை நம்பியிராமல் வெளியிலிருந்தே எழ வேண்டும். மாதம் ஒருமுறை வெப்பமானியின் இணைப்பைக் கழற்றி வைத்து, காரியதரிசியின் கைபேசி ஒலிக்கிறதா என்று குழுவினரே சோதிக்கலாம். இதற்குப் பொறியியற் கல்வி எதுவும் தேவையில்லை. ரூட்டருக்கென்று சிறு மின்கலமும் வேண்டும்.

கடவுச்சொல்லை எழுதி வைப்பது ஆபத்தல்லவா என்று காரியதரிசி ஒருவர் நம்மிடம் கேட்டார். மேசைமேல் எழுதி வைத்தால் ஆபத்தே. உறையிலிட்டு முத்திரை வைத்து, இரண்டு சாவிகளுள்ள அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்தால் என்ன ஆபத்து? அமைப்புகளின் நகலும் கருவி எண்களின் பட்டியலும் அதனுடன் இருக்கட்டும். உறை திறக்கப்படும் நாளும் காரணமும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். ஒப்பந்தக்காரர் இவற்றை ஒப்படைத்த பின்னரே இறுதித் தொகை கொடுக்கப்படட்டும்.

குறை சங்கங்களுடையது மட்டுமன்று. ரொக்க இருப்பை எண்ணுகிறோம், மூட்டைகளை எண்ணுகிறோம், ஆனால் அந்த மூட்டைகளைக் காக்கும் பெட்டியைப்பற்றி ஒரு கேள்வியும் கேளாமல் கையெழுத்திட்டு வந்திருக்கிறோம். அந்த இரு விவசாயிகளின் நஷ்டத்தில் நமக்கும் பங்கு உண்டு. இனி நாம் ஆய்வுக்கு வரும்போது உறையைக் காட்டுமாறு கேட்போம். அதற்கு முன்னரே, அடுத்த மகாசபையில் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "ரூட்டர் பெட்டியின் சாவி யாரிடம்?" என்று கேட்பாராயின், அதுவே பெரிதும் நன்று.