தலை சுற்றினால் படுத்தே கிடக்கலாமா?

வயதானவர்களுக்குத் தலை சுற்றல் வந்தால் வீட்டார் பயந்துவிடுகிறார்கள். "அசையாதீர்கள், படுத்தே இருங்கள்" என்கிறார்கள். அன்பினால் சொல்லும் வார்த்தைதான் அது. ஆனால், பல நாள் அப்படியே படுத்துக் கிடப்பது நல்லதல்ல.

மூன்று காவலர்கள்

இரண்டு கால்களில் விழாமல் நிற்பது சாதாரண காரியம் அல்ல. மூன்று காவலர்கள் மனிதனைக் காக்கிறார்கள். முதலாவது, கண். இரண்டாவது, பாதமும் தசையும் மூட்டும். மூன்றாவது, காது.

காது கேட்பதற்கு மட்டும் அல்ல. ஒவ்வொரு காதின் உள்ளேயும் மூன்று சின்னஞ்சிறு அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் நீர் நிறைந்திருக்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் உடனே மூளைக்குச் செய்தி போகிறது. மூளை அந்தக் கணமே கண்களை எதிர்ப்பக்கம் திருப்பி, பார்வையை நிலைநிறுத்துகிறது.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். இந்தப் பத்திரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டுங்கள். எழுத்து தெரியும். பிறகு தலையை அசைக்காமல் பத்திரிகையை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும்! காது செய்யும் வேலை இதுதான்.

ஒரு காது பழுதானால் இரு காதுகளும் வேறு வேறு செய்தி சொல்கின்றன. மூளை குழம்புகிறது. வீடே சுழல்வதுபோல் தோன்றுகிறது. பயந்த மனிதர் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொள்கிறார். தரையைப் பார்த்தே நடக்கிறார். முதுகு வளைகிறது, நடை தளர்கிறது.

போர் தந்த பாடம்

1940-களில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இங்கிலாந்தில் தலையில் அடிபட்ட வீரர்கள் பலர் இப்படித் தவித்தார்கள். காது மருத்துவர் காதார்னும் டாக்டர் குக்சியும் அவர்களைப் படுக்கையில் விட்டுவைக்கவில்லை. பயிற்சி கொடுத்தார்கள்.

முதலில் கண்ணை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைக்க வேண்டும். நீட்டிய விரலைப் பார்த்துக்கொண்டே அதை முகத்தருகே கொண்டுவர வேண்டும். பிறகு தலையைக் குனிந்து நிமிர வேண்டும். இருபுறமும் திருப்ப வேண்டும். எல்லாம் முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. அடுத்து, உட்கார்ந்தபடி தரையில் கிடக்கும் பொருளை எடுப்பது. அதன்பின் எழுந்து நிற்பது, பந்தைக் கைக்குக் கை மாற்றிப் போடுவது, நடப்பது.

பயிற்சியின்போது கொஞ்சம் கிறுகிறுக்கும். அதற்கு அஞ்சி நிறுத்திவிடக் கூடாது. அந்தக் கிறுகிறுப்பைக் கண்டுதான் மூளை புதிய கணக்கைக் கற்றுக்கொள்கிறது. நாள்தோறும் விடாமல் செய்தால், சில வாரங்களில் பலருக்குத் தள்ளாட்டம் குறைகிறது. தலை நிமிர்கிறது. இன்றும் மருத்துவர்கள் இந்த முறையைப் பின்பற்றுகிறார்கள்.

எச்சரிக்கை

எல்லாத் தலை சுற்றலும் ஒன்றல்ல. முதலில் மருத்துவரிடம் காரணம் அறிய வேண்டும். காதுக்குள் இருக்கும் நுண்ணிய துகள்கள் இடம் மாறினாலும் தலை சுற்றும். அதற்கு மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பிச் சரி செய்வார். தலை சுற்றலோடு பேச்சு குளறினாலோ, முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். கழுத்தில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தலைப் பயிற்சி செய்யக் கூடாது.

கீழே விழுவது சிறிய ஆபத்து அல்ல. ஆண்டுதோறும் உலகில் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் முதியவர்களே அதிகம்.

இந்தப் பயிற்சிக்கு இயந்திரம் வேண்டாம், பணம் வேண்டாம். பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலியும் பக்கத்தில் துணையாக ஓர் ஆளும் வேண்டும். அந்தத் துணையைக் கொடுக்க வேண்டியது குடும்பத்தின் கடமை. பெரியவர்களைப் படுக்க வைப்பதோடு நின்றுவிடாமல், கைகொடுத்து நடக்க வைப்பதே உண்மையான அன்பு!